கல்லென்று பேரிட்ட பிள்ளை

பிள்ளையார் சதுர்த்தி முடிந்து சிலையைக் கரைக்கக் கொண்டுபோகும்போது எழும் 'கணபதி பப்பா மோர்யா' என்ற முழக்கத்தைத் தமிழ்நாட்டுத் தெருப்பிள்ளைகளும் இப்போது கற்றுக்கொண்டுவிட்டார்கள். கணபதி தெரியும். பப்பா என்றால் அப்பா. மோர்யா என்றால் என்ன என்று கேட்டால், 'வாழ்க' மாதிரி ஏதோ ஒன்று என்பார்கள். அது ஒரு மனிதரின் பெயர். புனே நகருக்கு அருகே, பிம்ப்ரியை ஒட்டிய சிஞ்ச்வடில், பவனா ஆற்றங்கரையில் அவருடைய சமாதி இருக்கிறது. மோர்யா கோசாவி என்பது முழுப்பெயர்.

பிள்ளையில்லாத பெற்றோர் மோர்காவ் மயூரேசுவரரை வேண்டிப் பெற்ற மகன் அவர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. மராத்தியில் மோர் என்றால் மயில். மயூரேசுவரர் மயிலேறிய கணபதி. அந்தச் சாமியின் பெயரைப் பிள்ளைக்கு வைத்தார்கள். பிள்ளை வளர்ந்து, அந்தச் சாமியையே பாடிப் பரவி, கடைசியில் அவர் பெயரைச் சாமியின் பெயருக்குப் பின்னால் சேர்த்துக் கூவுகிற அளவுக்கு மக்கள் மனதில் நின்றுவிட்டார். சாமியிடமிருந்து கடன் வாங்கிய பெயர் சாமிக்கே திரும்பிப் போயிற்று.

இங்கே தமிழருக்கு ஒரு தடுமாற்றம் வரும். மயில் நமக்கு முருகனுடையது. மயில்வாகனன் என்று ஒருவர் இருந்தால் அவர் வீட்டுப் பெரியவர்கள் பழநிக்கோ திருச்செந்தூருக்கோ நேர்ந்துகொண்டவர்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். பிம்ப்ரித் தெருவில் மயூரேஷ் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் பையன் கணபதியின் பேர்கொண்டவன். முருகன் இந்தப் பக்கத்தில் கார்த்திகேயன், கட்டைப் பிரம்மச்சாரி. புனே பர்வதி மலையில் அவருக்குக் கோயில் உண்டு. கார்த்திகைப் பௌர்ணமி தவிர மற்ற நாளில் பெண்கள் அவர் சன்னிதிக்குப் போவதில்லை என்பது பழைய வழக்கம். வள்ளியும் தெய்வானையும் இருபுறம் நிற்க அவரைக் கும்பிட்ட நம் வீட்டுப் பெண்களுக்கு இதைக் கேட்டால் மனம் ஆறுவதில்லை. பிள்ளையாருக்கோ இங்கே ரித்தி, சித்தி என்று இரண்டு மனைவியர். மயூரம் என்றால் மயில் என்று சொல்வதோடு அகராதியின் வேலை முடிந்துவிடுகிறது. அந்த மயில் யாரைச் சுமக்கிறது என்பதை ஊரைக் கேட்டால்தான் தெரியும்.

பெயருக்குப் பொருள் தேடுகிறவர்கள் பெரும்பாலும் வேர்ச்சொல்லைத் தேடுகிறார்கள். எனக்கு வேறொரு கேள்விதான் பெரிதாகப் படுகிறது. அந்தப் பெயரை வைத்தவர், அது யார் காதில் விழ வேண்டும் என்று வைத்தார்?

பிம்ப்ரி இதைக் கேட்பதற்கு ஏற்ற ஊர். ஊரின் பெயரிலேயே மரம் இருக்கிறது: அரசமரத்துக்கு மராத்தியில் பிம்பள், அந்த இனத்தைச் சேர்ந்த மரத்தின் பெயர்தான் பிம்ப்ரி. பக்கத்து ஊர் சிஞ்ச்வடில் புளியும் (சிஞ்ச்) ஆலும் (வட்) சேர்ந்து நிற்கின்றன. பிரிவினையில் சிந்துவை விட்டு வந்தவர்களுக்கு இங்கே முகாம் போட்டார்கள். பிம்ப்ரி கேம்ப் என்ற பெயர் இன்னும் வழக்கில் இருக்கிறது. 1954-இல் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் இங்கே வந்தது. அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாகத் தொழிற்சாலைகள். மலையாளி, தெலுங்கர், பீகாரி, தமிழர் என்று எல்லாரும் ஒரே வருகைப் பதிவேட்டில் வந்து சேர்ந்தார்கள். ஆனி என்று முடியும் சிந்திக் குலப்பெயரும், கர் என்று முடியும் மராத்திக் குலப்பெயரும், வெறும் ஓர் எழுத்தை முன்னால் வைத்துக்கொண்ட தமிழ்ப் பெயரும் அடுத்தடுத்த வரியில் நிற்கும் பதிவேடு அது.

நான் பார்த்த முதல் மராத்திப் பெயர்சூட்டு விழாவைச் சொல்ல வேண்டும். அதற்கு 'பார்சே' என்று பெயர். பாரா என்றால் பன்னிரண்டு. குழந்தை பிறந்த பன்னிரண்டாம் நாள். எங்கள் குடியிருப்பில் எதிர்வீடு. செவ்வந்திச் சரம் சுற்றிய தொட்டில் நடுக்கூடத்தில். முதலில் இரண்டு பெண்கள் தொட்டிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று, குழந்தையைத் தொட்டிலுக்கு மேலும் கீழுமாகக் கைமாற்றினார்கள். ஒவ்வொரு முறையும் கோவிந்தனை வாங்கிக்கொள், கோபாலனை வாங்கிக்கொள் என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தார்கள். பிறகு அத்தை, அதாவது குழந்தையின் அப்பாவுடைய தங்கை, தொட்டிலுக்குள் குனிந்து அதன் காதில் பெயரைச் சொன்னார். சொல்லி முடித்ததும் 'குர்ர்ர்' என்று நீட்டி ஒலியெழுப்பினார். அவர் குனிந்திருக்கும்போதே சுற்றி நின்ற பெண்கள் சிரித்துக்கொண்டு அவர் முதுகில் பட்பட்டென்று அடித்தார்கள். மராத்தியில் அவருக்கு 'ஆத்யா' என்று பெயர். நம் அத்தையும் அந்த ஆத்யாவும் ஒலியில் மட்டும் உறவில்லை, பெயர் வைக்கும் உரிமையிலும் உறவு என்று அன்றுதான் கண்டேன். நம் பக்கமும் பெரியவர் ஒருவர் குழந்தையின் காதில் மூன்று முறை பெயரைச் சொல்கிறார். ஊருக்குச் சொல்வதற்கு முன்னால் குழந்தைக்குச் சொல்லிவிட வேண்டும் என்ற மரியாதை இரண்டு இடத்திலும் இருக்கிறது.

சாமி காதில் விழ வேண்டிய பெயர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். பாகவதத்தில் அஜாமிளன் சாகும்போது தன் கடைசிப் பிள்ளையை 'நாராயணா' என்று கூப்பிட்டான். பெருமாளைக் கூப்பிட்டதாகவே அது கணக்கில் ஏறியது. பெரியாழ்வார் இதற்கென்றே ஒரு பதிகம் பாடியிருக்கிறார்: பிள்ளைக்குத் திருமாலின் பெயரை வையுங்கள், தாய் நரகம் புகமாட்டாள் என்பது அதன் சாரம். சிஞ்ச்வடைச் சேர்ந்த சாபேகர் சகோதரர்களின் பெயர்களில் இந்த நினைப்பு முழுமையாக இருக்கிறது. தாமோதர் ஹரி, பாலகிருஷ்ண ஹரி, வாசுதேவ் ஹரி. நடுவில் உள்ள ஹரி அப்பாவின் பெயர். அந்த வீட்டில் யாரை யார் கூப்பிட்டாலும் திருமால் பெயர்தான் ஒலித்திருக்கும். 1897 ஜூன் 22 இரவு, பிளேக் அதிகாரி ராண்டைச் சுட்டதையும் அதைத் தொடர்ந்தவற்றையும் ஒட்டிய வழக்குகளில் மூவரும் தூக்கில் ஏறினார்கள். தாமோதரன் என்றால் வயிற்றில் கயிறு கட்டப்பட்டவன்; யசோதை உரலில் கட்டிய குழந்தை.

எமன் காதுக்கு வைத்த பெயர்கள் வேறு வகை.

புனேயின் பெரும்புகழ் பெற்ற கணபதி தக்டூசேட் ஹல்வாய் கணபதி. ஹல்வாய் என்றால் மிட்டாய்க்காரர், சேட் மரியாதைக்கு. தக்டூ? தகட் என்றால் கல். பிறந்த குழந்தைக்குக் 'கல்' என்று பெயர். மராத்தியில் இப்படிப் பெயர்கள் கொத்துக் கொத்தாக உண்டு. தோண்டா என்றாலும் கல்தான். தோண்டூ, தோண்டோ, தோண்டிபா எல்லாம் அதிலிருந்து வந்தவை. கைம்பெண்களின் கல்விக்கு உழைத்து, 1916-இல் பெண்களுக்கென ஒரு பல்கலைக்கழகம் தொடங்கி, 1958-இல் பாரத ரத்னா பெற்றவர் தோண்டோ கேசவ் கார்வே. 1857 கிளர்ச்சியின் நானா சாகிபுக்குத் தோண்டூபந்த் என்று பெயர். முன்னால் பிறந்தவை தங்காத வீட்டில் அடுத்து வருகிற பிள்ளைக்கு இப்படிப் பெயர் வைப்பார்கள். இது பிள்ளை இல்லை, ஒரு கல், இதில் உனக்கு ஒன்றுமில்லை, போ என்று சாவுக்குச் சொல்கிற பெயர். கல் தேய்வதில்லை, காய்ச்சலில் போவதில்லை என்ற ஆசையும் அதற்குள் ஒளிந்திருக்கிறது.

இங்கே ஒன்றைப் பிரித்துக் காட்ட வேண்டும், ஏனெனில் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். இந்தியத் திரைப்படத்தின் தந்தை தாதாசாகேப் பால்கேயின் இயற்பெயர் துண்டிராஜ். காதுக்குத் தோண்டூ மாதிரியே இருக்கும். ஆனால் துண்டிராஜர் காசியில் இருக்கும் கணபதி. அது சாமி பெயர், இது கல். ஒலி ஒத்துப்போவதை வைத்துப் பொருள் சொல்பவர்கள் இந்த இடத்தில்தான் வழுக்கி விழுகிறார்கள்.

நம் பக்கத்தில் கல்லுக்குப் பதில் குப்பை. என் தாத்தாவின் பெயர் குப்புசாமி. அவருக்கு முன்னால் இரண்டு பிறந்து இரண்டும் போயின. மூன்றாவதாக அவர் பிறந்ததும், பூட்டி அவரை ஒரு முறத்தில் கிடத்தி, வீட்டுக் கொல்லையில் சாணியும் சருகும் கொட்டுகிற குப்பைமேட்டில் வைத்துவிட்டு வந்தாளாம். பக்கத்து வீட்டுக்காரி, முன்பே சொல்லிவைத்தபடி, 'ஐயோ யாரோ பிள்ளையைக் குப்பையில் போட்டிருக்கிறார்களே' என்று சத்தமாகச் சொல்லி எடுத்துக்கொண்டாள். பூட்டி ஒரு படி தவிடு கொடுத்து அவளிடமிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். தவிட்டுக்கு வாங்கின பிள்ளை என்று நம் வீடுகளில் அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் சீண்டுவார்களே, அந்தச் சொல் விளையாட்டாய்ப் பிறந்ததில்லை. ஒரு தாய் அழுகையை அடக்கிக்கொண்டு நடித்த நாடகத்தின் மிச்சம் அது. குப்பம்மாள், பிச்சை, பிச்சைமுத்து, மண்ணாங்கட்டி எல்லாமே அந்த நாடகத்தில் வரும் பெயர்கள். சத்தமாகச் சொன்னதற்குக் காரணம் எமனுக்குக் கேட்க வேண்டும் என்பதுதான்.

கல்லென்று பேர்கொண்ட தக்டூசேட்டும் தாம் பெற்ற மகனைப் பறிகொடுத்தவர். அந்தத் துயரத்தில், குருவின் சொற்படி, அந்தக் கணபதியை அமைத்தார் என்பது கோயிலின் வரலாறு.

மராத்தியில் கச்ரூ என்றும் ஒரு பெயர் உண்டு. கச்ரா என்றால் குப்பை. கச்ரூவும் நம் குப்பனும் வார்த்தைக்கு வார்த்தை ஒன்று. ஆனால் இந்த இடத்தில் என் கேள்வியின் கூர்மை என்னையே குத்துகிறது. எல்லாக் கச்ரூவும் எல்லாக் குப்பனும் தாயின் பயத்தில் பிறந்த பெயர்கள் இல்லை. பெயரில் பிராமணனுக்கு மங்கலமும், சத்திரியனுக்கு வலிமையும், வைசியனுக்குச் செல்வமும், சூத்திரனுக்கு இழிவும் தெரிய வேண்டும் என்று மனுஸ்மிருதி இரண்டாம் அத்தியாயம் விதித்துவைத்திருக்கிறது. சாமி என்று முடிகிற பெயரை ஒடுக்கப்பட்டவர் வைத்துக்கொண்டால் மேல்சாதிக்காரர் வாயில் அது முழுதாக வராது. மாடசாமி மாடனாவார், குப்புசாமி குப்பனாவார். ஒரே சொல். தாய் சொன்னால் அது எமனை ஏமாற்றுவது. பண்ணையார் சொன்னால் அது ஒரு மனிதனைக் குப்பையிலேயே நிறுத்திவைப்பது. அகராதி இரண்டுக்கும் ஒரே பொருள்தான் எழுதும்.

அதற்கு மராட்டிய மண்ணில் பதில் வந்தது. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அம்பேத்கர் பௌத்தம் தழுவினார்; லட்சக்கணக்கானோர் உடன் தழுவினர். அதற்குப் பின் பிறந்த பிள்ளைகளின் பெயர்களைப் பாருங்கள்: கௌதம், சித்தார்த், ராகுல், அசோக், நாகசேன், மிலிந்த், சுஜாதா, சங்கமித்ரா, யசோதரா. பிம்ப்ரியின் எந்தத் தொழிற்சாலைப் பட்டியலிலும் ஒரு மிலிந்த் இருப்பார். சமஸ்கிருத அகராதியில் மிலிந்தம் என்றால் வண்டு. அழகான பொருள்தான். ஆனால் அந்த வீடுகளில் வண்டை நினைத்து யாரும் பெயர் வைக்கவில்லை. மிலிந்தன் என்பவன் கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் வடமேற்கே ஆண்ட கிரேக்க அரசன் மெனாண்டர். நாகசேனர் என்ற பிக்குவிடம் கேள்விமேல் கேள்வி கேட்டு, விடைகளில் நிறைவடைந்தவன். அந்த உரையாடல்தான் பாலி மொழியின் மிலிந்த பஞ்ஹா. அம்பேத்கர் ஔரங்காபாத்தில் 1950-இல் தொடங்கிய கல்லூரிக்கே மிலிந்த் என்று பெயர். கேள்வி கேட்கிறவனின் பெயர் அது. நேற்றுவரை தோண்டியா, கச்ர்யா என்று ஏவப்பட்ட வீட்டில் அந்தப் பெயர் ஒலித்தபோது, அது ஊரார் காதில் விழவேண்டும் என்றுதான் ஒலித்தது.

தமிழ்நாட்டில் இது வேறு வழியில் நடந்தது. வேதாசலம் மறைமலையடிகள் ஆனார். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். 1953 மார்ச்சில் சோவியத் தலைவர் ஸ்டாலின் மறைந்த இரங்கல் கூட்டத்தில்தான் கருணாநிதி, சில நாள் முன்பு பிறந்த தம் மகனுக்கு அந்தப் பெயரை அறிவித்தார். அங்கே பொதுக்கூட்டமே தொட்டிலாக இருந்தது. இந்த இரண்டு இயக்கங்களையும் அரசியல் வரலாறு தனித்தனி அத்தியாயங்களாக எழுதுகிறது. பிறப்புப் பதிவேட்டை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால் ஒரே அத்தியாயமாகத்தான் தெரிகிறது.

பிம்ப்ரிக்குப் புதிதாக வரும் தமிழர் முதலில் கற்றுக்கொள்ளும் மராத்திச் சொற்களில் ஒன்று 'நகோ'. வேண்டாம் என்று பொருள். காய்கறிக்காரரிடம், ஆட்டோக்காரரிடம், கண்டக்டரிடம் தினமும் சொல்ல வேண்டியது. அந்தச் சொல்லிலிருந்து ஒரு பெண் பெயர் உண்டு: நகோஷி, நகுசா. வேண்டாதவள். பெண்ணுக்குமேல் பெண்ணாகப் பிறந்த வீட்டில், இனி பெண் வேண்டாம், அடுத்தது ஆணாக வரட்டும் என்று வைக்கும் பெயர். புனேக்குத் தெற்கே சாத்தாரா மாவட்டத்தில், 2011 அக்டோபரில், இந்தப் பெயர்கொண்ட 285 சிறுமிகளுக்கு மாவட்ட நிர்வாகம் விழா எடுத்துப் புதுப்பெயர் சூட்டியது. ஐஸ்வர்யா, வைஷாலி, சாவித்திரி என்று தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 881 பெண் குழந்தைகள் என்று அந்த ஆண்டுக் கணக்கெடுப்பு காட்டிய மாவட்டம் அது.

மராட்டியர் கொடுமைக்காரர்கள் என்று நாம் நினைத்துக்கொள்ள இடமில்லை. திருத்தணிப் பக்கத்து நாராயணபுரத்தில் அதே காரணத்துக்காகப் பெண்களுக்கு 'வேண்டாம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். தென் மாவட்டங்களில் போதும்பொண்ணு என்ற பெயரைக் கேட்காதவர் குறைவு. வங்காளத்தில் ஆன்னாகாளி: இனி வேண்டாம், காளி. சீனாவில் பெண்ணுக்கு ஜாவோதி என்று பெயர். தம்பியை அழைத்துவா என்று பொருள். நான்கு மொழிகளில் நான்கு வீடுகள் ஒரே விண்ணப்பத்தை எழுதியிருக்கின்றன. விண்ணப்பத் தாள் மட்டும் ஒரு பெண் குழந்தை.

தோண்டூவும் நகோஷியும் மேலோட்டத்தில் ஒரே வகைப் பெயர்களாகத் தோன்றும்; இரண்டிலும் பிள்ளையைத் தாழ்த்திச் சொல்கிறார்கள். ஆராய்ச்சியாளர்கள் சிலர் ஒரே பட்டியலில் போடுவதும் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. கல் என்று பேரிட்ட வீட்டில் பிள்ளை வேண்டும் என்பதற்காகவே வேண்டாம்போல் நடிக்கிறார்கள். நகோஷி வீட்டில் நடிப்பு இல்லை. பள்ளியில் ஆசிரியர் வருகைப் பதிவு எடுக்கும்போது, 'வேண்டாதவள்' என்று கூப்பிட, ஒரு சிறுமி எழுந்து நின்று, 'இருக்கிறேன்' என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு நாள் காலையும்.

பெயர் வைப்பதில் பெற்றோர் காட்டிய மேன்மைக்கும் இந்த வட்டாரத்திலேயே சாட்சி உண்டு. பிம்ப்ரியிலிருந்து சற்றுத் தொலைவில் இந்திராயணி ஆற்றங்கரையில் ஆளந்தி. 1296-இல் ஞானேஸ்வரர் சமாதியடைந்த இடம். அவர் தந்தை விட்டல்பந்த் துறவு பூண்டு, பிறகு குருவின் ஆணைப்படி இல்லறத்துக்குத் திரும்பியவர். சந்நியாசியின் பிள்ளைகள் என்று ஊர் அவர்களை ஒதுக்கிவைத்தது. பிள்ளைகள் நால்வர். மூத்தவர் நிவ்ருத்தி, அடுத்து ஞானதேவ், பிறகு சோபான், கடைசியில் தங்கை முக்தா. வரிசையாக வாசித்துப் பாருங்கள். நிவ்ருத்தி: உலகப் பற்றிலிருந்து திரும்புதல். பிறகு ஞானம். சோபானம் என்றால் படிக்கட்டு. முடிவில் முக்தி. தமிழில் நாம் நிவர்த்தி என்ற சொல்லைத் தோஷ நிவர்த்தியோடு நிறுத்திவிட்டோம். அதன் பழைய ஆழம் அந்த மூத்த பிள்ளையின் பெயரில் இருக்கிறது. துறவைக் கைவிட்டவன் என்று பழிக்கப்பட்ட மனிதர் தம் முதல் பிள்ளையைத் துறவின் பெயரால் கூப்பிட்டார். ஊர் சொன்னதற்கு அவர் வாய்திறந்து சொன்ன பதிலெதுவும் எனக்குத் தெரிய இதைவிடப் பெரிதில்லை.

ஆண்டுதோறும் பண்டரிபுரத்துக்குப் பாதயாத்திரை புறப்படும்போது தேஹுவிலிருந்து வரும் துக்காராமர் பல்லக்கு நம் நகரத்து ஆகுர்டியில் தங்கும். அந்தக் கூட்டத்துக்குள் போய் நின்றால் யாருக்கும் பெயர் கிடையாது. வழிவிடச் சொல்லவும், தண்ணீர் கேட்கவும், காலில் விழவும் ஒரே அழைப்பு: மாவுலி. அம்மா என்று பொருள். ஆணையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஞானேஸ்வரருக்கே அடியார்கள் வைத்த பெயர் அது.

மராட்டிய வழக்கில் பெண்ணின் முதற்பெயரும் திருமணத்தில் மாறும். தட்டில் அரிசியைப் பரப்பி, மாப்பிள்ளை மோதிரத்தால் அதில் புதுப்பெயரை எழுதுவார். இன்று பல வீடுகளில் விட்டுவிட்டார்கள். சில வீடுகளில் பழைய பெயரையே எழுதி வழக்கத்தை நிறைவேற்றுகிறார்கள். ஆனால் நாம் அறிந்த பெயர்கள் எத்தனை அந்த அரிசித்தட்டில் பிறந்தவை! ஜான்சியின் லட்சுமிபாய் பிறந்தபோது மணிகர்ணிகா. திலகரின் மனைவி சத்தியபாமா பிறந்தபோது தாபி. இந்தியப் பெண்களில் முதலில் மேல்நாட்டு மருத்துவப் பட்டம் பெற்றவர்களில் ஒருவரான ஆனந்திபாய் ஜோஷி பிறந்தபோது யமுனா. 1886-இல் பென்சில்வேனியாவில் பட்டம் பெற்றுத் திரும்பி, அடுத்த ஆண்டே புனேயில் இறந்தார். புனே சேவாசதனின் ரமாபாய் ரானடேயும் பிறந்தபோது யமுனாதான். இரண்டு யமுனாக்கள், இரண்டும் பிறந்த வீட்டோடு நின்றுபோயின. தமிழ்ப் பெண்ணுக்கு முன்னெழுத்து மாறினாலும் அம்மா வைத்த பெயர் கடைசிவரை கூட வருகிறது. நம் வழக்கங்களில் நான் மனமாரப் போற்றுகிற ஒன்று அது.

பெயர்கள் ஊர்விட்டு ஊர் போகும்போது என்ன ஆகும் என்பதற்குத் தஞ்சாவூரைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. சிவாஜியின் பாட்டனார் மாலோஜி, அகமதுநகரின் சூஃபி ஞானி ஷா ஷரீபை வேண்டிப் பிள்ளை பெற்றார் என்றும், அந்த ஞானியின் பெயரையே இரண்டாகப் பிரித்து மகன்களுக்கு ஷாஹாஜி, ஷரீப்ஜி என்று வைத்தார் என்றும் மராட்டிய மரபு சொல்கிறது. ஷாஹாஜியின் மகன் வெங்கோஜி தஞ்சையைப் பிடித்தார். அவர் வழியில் ஷாஹாஜியும் வந்தார், ஷரீப்ஜியும் சர்போஜியாக வந்தார். தமிழ்ப் புலவர்கள் கையில் அது சரபோஜி ஆயிற்று, சரபேந்திரர் ஆயிற்று. சரபேந்திர பூபால குறவஞ்சி, சரபேந்திர வைத்திய முறைகள் என்று நூல்கள் எழுந்தன. ஓர் இஸ்லாமிய ஞானியின் பெயர், சிவபெருமான் எடுத்த சரப உருவத்தின் பெயராக மாறிச் சரசுவதி மகாலின் ஏடுகளில் அமர்ந்தது. அந்த ஷரீபின் பெயரைச் சுமந்த பிள்ளையின் அண்ணன் மகன்தான், சிவனேரிக் கோட்டைச் சிவாயி தேவியின் பெயரால் அழைக்கப்பட்ட சிவாஜி. பிற்பாடு அண்ணாவின் நாடகத்தில் அந்த அரசன் வேடம் கட்டிய கணேசனுக்குப் பெரியார் சிவாஜி என்று பட்டம் கொடுத்தார். பிம்ப்ரியில் சிவாஜி என்ற தமிழரைப் பார்த்து மராட்டிய நண்பர்கள் நெஞ்சு நிமிர்வார்கள். அவர் அப்பா திரையரங்கில் பராசக்தி பார்த்துவிட்டு வைத்த பெயராக அது இருக்கும்.

கொடுக்கல் வாங்கல் ஒருவழியாக நடந்ததில்லை. தோண்டோ கேசவ் கார்வேயை எல்லாரும் அண்ணாசாகேப் என்றே அழைத்தார்கள். அண்ணாபாவு சாட்டே, அண்ணா ஹசாரே, ஆப்பாசாகேப், அக்காபாய். திராவிட வீட்டு உறவுச்சொற்கள் மராத்தியில் ஆள்பெயர்களாகவே நிலைத்துவிட்டன.

இனி அரசாங்கத்தின் காது. இங்கே பெயர் என்றால் மூன்று துண்டு: தன் பெயர், தந்தை பெயர், ஆட்நாவ் என்கிற குலப்பெயர். தமிழருக்கு மூன்றாவது துண்டு கிடையாது. சாதிப் பெயரை நாம் வேண்டுமென்றே உதறினோம். இரண்டாவது துண்டையோ முன்னால் ஓர் எழுத்தாகச் சுருக்கிவைத்திருக்கிறோம். தந்தை பெயர் முன்னால் வருவது நம்மிடம் நேற்று வந்த பழக்கமில்லை. பூதனின் மகன் சேந்தன் பூதஞ்சேந்தன். இனியவை நாற்பது பாடியவர். மகன் பெயரைச் சொல்லித் தந்தையைக் குறிப்பதும் உண்டு: ஆதன், பூதன் என்ற பெயர்களோடு தந்தை என்ற சொல் சேரும்போது ஆந்தை, பூந்தை என்று எப்படித் திரியும் என்பதற்குத் தொல்காப்பியத்தில் தனி விதியே இருக்கிறது. பிசிராந்தையார் என்றால் பிசிர் ஊர், ஆதனின் தந்தை. அந்த ஆதன் என்ற பெயர் கீழடிப் பானையோட்டிலும் கீறிக் கிடைத்திருக்கிறது.

அந்த நீண்ட மரபை விண்ணப்பப் படிவம் அறியாது. எஸ். முருகன் இங்கே முருகன் சுப்பிரமணி ஆகிறார். அலுவலகத்தில் அவரை 'சுப்பிரமணி, இங்கே வா' என்று கூப்பிடுகிறார்கள். அப்பாவின் பெயரை ஒருமையில் அதட்டிக் கூப்பிடக் கேட்டு, முதல் சில மாதம் கூசிப்போய், பிறகு பழகிக்கொண்ட தமிழர்கள் இந்த நகரத்தில் பல பேர்.

2024-இல் மகாராஷ்டிர அரசு ஒரு மாற்றம் செய்தது. அந்த ஆண்டு மே 1 முதல் பிறந்தவர்களுக்கு அரசு ஆவணங்களில் தன் பெயர், தாயின் பெயர், தந்தையின் பெயர், குலப்பெயர் என்று நான்காக எழுத வேண்டும். அம்மாவுக்கு ஓர் இடம் கிடைத்ததில் எனக்குப் பெரும் மகிழ்ச்சி.

போன வருடம் என் தம்பிக்குப் பேத்தி பிறந்தாள். பிறப்பைப் பதியும்போது பெயர் இல்லாமலும் பதியலாம், பன்னிரண்டு மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்ளலாம் என்று சட்டம் இடம் தருகிறது. அதனால் அவசரப்படவில்லை. பெரியவர்கள் ஊரிலிருந்து வந்தபின், அவள் அத்தை காதில் மூன்று முறை சொன்னாள்; எதிர்வீட்டு மராத்தி அம்மா கேட்டுக்கொண்டதற்காக ஒரு 'குர்ர்ர்'ரும் போட்டாள். மறுவாரம் படிவத்தை மேசைமேல் விரித்தோம். முதல் மூன்று கட்டங்கள் எளிதாக நிரம்பின. நான்காவதில் பேனா நின்றது. சாதியை எழுதுவதில்லை என்று என் அப்பா காலத்திலேயே முடிவானது. ஊர்ப் பெயரை எழுதலாமா என்று யோசித்தோம், அதுவும் ஒட்டவில்லை. தம்பிதான் சொன்னான், பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதானே, பாட்டன் பெயரைத் தாங்குகிறவன் என்றுதானே பொருள், பேத்தியும் எள்ளுப்பேத்தியும் தாங்கினால் என்ன என்று. மருமகள் படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, நிறுத்தி நிதானமாக நான்காவது கட்டத்தில் எழுதினாள்: குப்புசாமி.